பூர்போன் என்னும் பெயர்

1792 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 11 ஆந் திகதி, பாரிஸ் மாநகரத்துத் தாம்பிள் கோட்டைக்கு நகர மேயர் ஷாம்போன் சில அதிகாரிகளோடு வந்து சேர்ந்தார். அக்கோட்டையின் கோபுரத்தில் ஏறக்குறைய நான்கு மாதங்களாக ஒரு கைதி அடைபட்டிருந்தார். தேசியப் பேரவை நிறைவேற்றிய ஆணை அவர் முன்னிலையில் வாசிக்கப்பட்டது. லூயி காப்பே என்பார் விசாரணைக்காகப் பேரவையின் முன் கொண்டுவரப்பட வேண்டும் என்பது அவ்வாணையின் சாரம். உயிருக்கே உலை வைக்கும் விசாரணை அது என்பதைக் கைதி அறியாதவரல்லர். ஆயினும் அவர் மறுத்துரைத்தது அப்பெயரைத்தான். காப்பே என்பது தம்முடைய பெயரன்று, தம் முன்னோருள் ஒருவருடைய பெயர் என்று அவர் சொன்னார். பின்னர் மேயரோடு வண்டியேறிச் சென்றார்.

அந்தக் கைதி, பதினாறாம் லூயி என உலகம் அறிந்த மன்னர். அவர் பிறந்த குலத்தைப் பூர்போன் வமிசம் என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். காப்பே அவர் பெயரன்று எனின் பூர்போன்தான் அவர் பெயரோ? அவ்வாறும் அவர் சொல்லவில்லை. ஒரு குடும்பத்தின் பெயர் அக்குடும்பத்துக்கு எவ்வழியாக வந்தது, வந்த பின்னர் அது யாருக்கு உரியது என்னும் வினாக்கள் ஒரு மனிதனின் தலையோடு சேர்த்து வழக்காடப்பட்ட இடங்கள் வரலாற்றில் மிகச் சில. பூர்போன் என்னும் பெயரின் வரலாறு அவற்றுள் ஒன்று. அதன் வேர் மன்னர்களிடத்தில் இல்லை. ஒரு வெந்நீரூற்றில் இருக்கிறது.

பிரான்சின் நடுப்பகுதியில், இன்று அலியே எனப்படும் மாவட்டத்தில், பூர்போன் லார்ஷாம்போ என்றொரு சிற்றூர் உண்டு. செல்சியஸ் 50 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தோடு நீர் அங்கே நிலத்திலிருந்து பொங்கி வருகிறது. உரோமர் அந்நாட்டுக்கு வருமுன்னர் அங்கு வாழ்ந்தவர்கள் கெல்ற்றிய மொழி பேசிய கோலியர். கொதித்துப் பொங்கும் நீரில் அவர்கள் ஒரு தெய்வத்தைக் கண்டார்கள். போர்வோ என்றும் போர்மோ என்றும் அத்தெய்வத்தை அழைத்தார்கள். கொதித்தல், குமிழியிட்டுப் பொங்குதல் என்பதே அச்சொல்லின் அடிப்பொருள். வேல்ஸ் மொழியில் இன்றும் கொதித்தலைக் குறிக்கும் சொல் அதே வேரிலிருந்து கிளைத்தது. இலத்தீனில் கொதித்தலைக் குறிக்கும் சொல்லும் தூரத்து உறவினது. பிரெஞ்சு மொழியில் சேற்றுக்கு வழங்கும் ஒரு சொல்கூட இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. வெந்நீரூற்றைச் சுற்றிச் சேறு குமிழியிடுவதைக் கண்டவர்களுக்கு அதில் வியப்பிராது.

இந்தத் தெய்வம் ஓரூருக்கு மட்டும் உரியதாயிருக்கவில்லை. வெந்நீர் சுரந்த வேறு ஊர்களிலும் இப்பெயர் நிலைத்தது. பூர்போன் லான்சி, பூர்பொன் லே பேன், லா பூர்பூல் ஆகிய ஊர்ப்பெயர்கள் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. பூர்பொன் லே பேனில் கிடைத்த உரோமர் காலத்துக் கல்வெட்டுக்கள் போர்வோவுடன் தாமோனா என்னும் பெண் தெய்வத்தையும் சேர்த்து வணங்குகின்றன. தாமோனா என்பது பசுவோடு தொடர்புடைய பெயர் என்பர். போர்த்துக்கல் நாட்டின் வெந்நீர்த் தலமொன்றிலும் இதையொத்த தெய்வப்பெயர் கல்லிற் பொறிக்கப்பட்டிருக்கிறது. எனவே பிரெஞ்சு அரச குலத்தின் பெயரெனப் பேசப்படுவது பிரெஞ்சு மொழி பிறப்பதற்குப் பன்னூறாண்டுகளுக்கு முன்பே மேற்கு ஐரோப்பாவிற் பரவிக்கிடந்த ஒரு வழிபாட்டின் மிச்சமாகும். உரோமர்கள் தம் வழக்கப்படி வெந்நீரைக் கண்ட இடத்திற் குளிப்பிடம் கட்டினார்கள். அவர்களுடைய பெருவழிகளைக் காட்டும் பழைய தேசப்படம் ஒன்றின் இடைக்காலப் பிரதி வியன்னாவிற் பேணப்படுகிறது. அதிற் காணப்படும் போர்மோவின் நீர்நிலை என்னும் இடத்தை ஆராய்ச்சியாளர் இவ்வூரோடு பொருத்துவர்.

உரோமப் பேரரசு சிதைந்த பின் கோயிலும் குளிப்பிடமும் மங்க, மேட்டிலே கோட்டை எழுந்தது. 761 ஆம் ஆண்டில் பிராங்கிய மன்னன் பெப்பின், அக்குவித்தேன் நாட்டுக் கோமகனோடு பொருதபோது பூர்போன் கோட்டையைப் பிடித்துத் தீயிட்டான் என அக்காலத்து வரலாற்றுக் குறிப்பு கூறுகிறது. தெய்வத்தின் பெயர் இவ்வாறு கோட்டையின் பெயராயிற்று. கோட்டையின் பெயர் குடும்பத்தின் பெயராவதற்கு இன்னும் நெடுங்காலம் செல்ல வேண்டியிருந்தது. அக்காலத்தில் ஐரோப்பாவிற் குடும்பப் பெயர் என்பதே இல்லை. ஒருவனுக்கு ஒரு பெயர். அவன் இறந்தால் அப்பெயரும் முடிந்தது.

பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அய்மார் என்னும் பிரபு ஒருவன் அப்பகுதியிற் காணப்படுகிறான். சூவின்யி என்னும் இடத்தில் தனக்கிருந்த நிலத்தைக் குளூனி மடத்துக்கு அவன் தானம் செய்தான். பூர்போன் பிரபுக்களின் வரிசையை வரலாற்றாசிரியர் அவனிலிருந்து தொடங்குவது இத்தானத்தின் பயனே. பிற்காலத்து வமிசாவளிக்காரர் சிலர் அவனோடு நிற்க மனமில்லாமல், சாள்ஸ் மார்ட்டலின் சகோதரனாகிய சில்டிபிராண்டு வரை கோடிழுத்துச் சென்றார்கள். பேரரசர் குலத்தோடு உறவு கொண்டாட விரும்பிய புரவலருக்கு அது இனித்திருக்கலாம். பத்திரச் சான்று அதற்கு இல்லை. அய்மாரின் வழியினருள் ஆர்ஷாம்போ என்னும் பெயர் தலைமுறை தலைமுறையாக வந்தது. பதினொராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் மக்கள் தொகை பெருகி, ஒரே பெயருடையோர் பலராகவே, அடையாளத்துக்காக இரண்டாம் பெயர் வேண்டியதாயிற்று. குடியானவர்களுக்குத் தொழிலும் உருவமும் வீட்டின் அயலும் இரண்டாம் பெயராயின. கொல்லன் லெபேவ்ர் ஆனான். பாலத்தருகே இருந்தவன் துப்போன் ஆனான். காட்டருகே இருந்தவன் துபுவா ஆனான். தென்னிந்தியரின் பழக்கவழக்கங்களைப் பற்றி நூலெழுதிய துபுவா பாதிரியாரின் பெயர் இவ்வகையினதே. பிரபுக்களுக்கோ கோட்டையே பெயராயிற்று. பூர்போனை உடையவன் பூர்போன் பிரபு. வேடிக்கை என்னவெனில், ஊர் குடும்பத்துக்குப் பெயர் கொடுத்ததோடு நில்லாமல், குடும்பம் ஊருக்குப் பெயர் கொடுத்தது. ஏனைய பூர்போன்களிலிருந்து பிரித்தறிய, ஆர்ஷாம்போவின் பூர்போன் என அவ்வூர் வழங்கலாயிற்று. இன்றும் அதன் பெயர் அதுவே.

ஆர்ஷாம்போக்களின் ஆண் வழி பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே அற்றுப்போயிற்று. எஞ்சியவள் மாஓ என்னும் பேர்த்தி ஒருத்தி. அவள் 1196 இல் தாம்பியேர் குடும்பத்து கீ என்பவனை மணந்தாள். முறைப்படி பிள்ளைகள் தாம்பியேர்களாக இருக்க வேண்டும். ஆனால் தாயின் நிலத்தைப் பெற்ற மகன் ஆர்ஷாம்போ என்ற பெயரையும் பூர்போன் என்ற பெயரையும் சேர்த்துப் பெற்றான். அவனுடைய மகன் மற்றோர் ஆர்ஷாம்போ, ஒன்பதாம் லூயி மன்னரின் சிலுவைப் போருக்குச் சென்று 1249 இல் சைப்பிரஸ் தீவில் இறந்தான். மீண்டும் பெண் மக்களே எஞ்சினர். அவர்களுள் அஞ்ஞேசு என்பவள் பர்கண்டிக் கோமகனின் மகன் ஒருவனை மணந்தாள். அவளுக்குப் பிறந்த ஒரே மகள் பெயாத்திரிசு. பூர்போன் நிலமும் பெயரும் அவள் கையில் வந்தன. 1272 இல் அவளை மணந்தவன் ரொபேர், கிளேர்மோன் பிரபு. புனிதர் என்று போற்றப்பட்ட அதே ஒன்பதாம் லூயி மன்னரின் இளைய மகன்.

ரொபேரின் கதை இரங்கத்தக்கது. 1279 இல் நடந்த ஒரு விளையாட்டுப் போரில் தலையில் அடிபட்டு, இருபத்துமூன்று வயதளவில் அவன் அறிவு பேதலித்தான். அதன்பின் ஏறக்குறைய நாற்பதாண்டு காலம் அவன் உயிர் வாழ்ந்தும் அரசியலில் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பிரான்சையும் ஸ்பெயினையும் நேப்பிள்சையும் ஆண்ட மன்னர் வரிசையின் மூலபுருடன் இம்மனிதனே. அவனுடைய மகன் லூயி, தந்தையின் கிளேர்மோன் நிலத்தை மன்னருக்குக் கொடுத்து வேறொரு நிலத்தை மாற்றாகப் பெற்றான். தாய்வழி வந்த பூர்போனை விடவில்லை. 1327 இல் பூர்போன் கோமக்கள் நாடாக உயர்த்தப்பட்டது. அன்றுமுதல் குலத்தின் பெயர் உறுதியாகப் பூர்போன் ஆயிற்று. இரத்தத்தால் அவர்கள் காப்பே வழியினர். பெயரால் பூர்போன் வழியினர். அப்பெயரை அவர்களுக்குச் சேர்த்துக் கொடுத்தவர்கள் மூன்று பெண்கள். வரலாற்று நூல்களில் மாஓ, அஞ்ஞேசு, பெயாத்திரிசு ஆகியோருக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் அடிக்குறிப்பு மாத்திரமே.

பெயர் நிலத்தைத் தொடர்ந்து வந்ததென்றால், நிலம் போனபின் பெயர் போயிருக்க வேண்டுமல்லவா? அதுவும் நிகழ்ந்து பார்க்கப்பட்டது. பூர்போன் கோமகனும் பிரான்சின் படைத்தலைவனுமாகிய சாள்ஸ், முதலாம் பிரான்சிசு மன்னரோடும் அவர் தாயாரோடும் சொத்து வழக்கிற் பகைத்து, 1523 இல் பகைவனாகிய பேரரசர் ஐந்தாம் சாள்சின் பக்கம் சேர்ந்தான். பாரிசிலிருந்த அவனுடைய மாளிகையின் வாசற்கதவுக்குத் துரோகத்தின் அடையாளமாக மஞ்சள் வர்ணம் பூசப்பட்டது என்பது வழிவழிச் செய்தி. 1527 மே 6 ஆந் திகதி உரோமாபுரியின் மதிலை முற்றுகையிட்டவேளை அவன் சுடப்பட்டு இறந்தான். சுட்டவன் தானே என்று பொற்கொல்லன் செல்லினி தன் சுயசரிதையிற் பெருமை பேசுகிறான்; செல்லினி பேசிய பெருமைகள் பல. கோமகனின் நிலங்கள் முடியால் எடுக்கப்பட்டன. பூர்போன் நாடு பூர்போன்களிடமிருந்து கழிந்தது. ஆனால் குலத்தின் இளைய கிளை ஒன்று வாந்தோம் என்னும் வேறிடத்தில் வேரூன்றி, அப்பெயரைத் தாங்கியே இருந்தது. நிலத்தோடு ஒட்டிப் பிறந்த பெயர் நிலமின்றியும் நடமாடத் தொடங்கியது இங்கேதான். அக்காலம் வரையில் அது ஒரு பட்டம். அதன்பின்னரே அது நாம் இன்று கருதும் பொருளிற் குடும்பப் பெயர்.

வாந்தோம் கிளையின் அந்துவான், 1548 இல் நவார் நாட்டு வாரிசாகிய ழான் தல்பிரேயை மணந்தான். அவர்களுடைய மகன் ஹென்றி. வல்வா மன்னர் மூன்றாம் ஹென்றி 1589 இல் மகப்பேறின்றிக் கொலையுண்டபோது, பிரெஞ்சு முடிக்கு உரியவர் யார் என்று தேட வேண்டியதாயிற்று. பெண் வழியாக முடி செல்லாது என்பது பிரெஞ்சு மரபு. ஆகவே ஆண் வழியாகவே பின்னோக்கிச் சென்றார்கள். மகன், தந்தை, பாட்டன் என ஏறி, மூன்று நூற்றாண்டு கடந்து, சித்தம் கலங்கிய ரொபேரிடமும் அவன் தந்தையாகிய புனித லூயியிடமும் வந்து நின்றார்கள். ரொபேரிலிருந்து எண்ணினால் நவாரின் ஹென்றி பத்தாம் தலைமுறை. இவ்வளவு தூரத்து உறவால் முடி பெற்றவர் அரிது. அவர் நாலாம் ஹென்றியானார். பெண் வழியாக வந்த பெயரைத் தாங்கிய குலம், பெண் வழி செல்லாது என்ற விதியினால் அரியணை ஏறியது. இதைவிடப் பெரிய முரண் ஐரோப்பிய வமிசாவளிகளிற் காண்பதரிது.

அரியணை ஏறிய உடனே அப்பெயர் மறைந்தது என்பதே கேட்போருக்குப் புதுமையாகத் தோன்றக்கூடியது. பிரெஞ்சு மன்னருக்குக் குடும்பப் பெயர் இல்லை. அவர் லூயி என்று மட்டுமே கையெழுத்திடுவார். மன்னரின் மக்கள் பிரான்சின் மக்கள் எனப்பட்டனர். அவர்களுடைய பெயரோடு சேர்ந்தது பூர்போன் அன்று, பிரான்ஸ். பின் பூர்போன் என்ற பெயரைத் தாங்கியவர் யாவர்? தூரத்துக் கிளைகளைச் சேர்ந்த இளவரசர். அவர்களோடு, மன்னரின் முறைகேடாகப் பிறந்து பின்னர் சட்டத்தால் ஏற்கப்பட்ட பிள்ளைகள். பதினாலாம் லூயி தம் காதற் கிழத்தி மொந்தெஸ்பான் சீமாட்டியிடம் பெற்ற பிள்ளைகளை 1673 இல் ஏற்றுக்கொண்டபோது அவர்களுக்குப் பூர்போன் என்னும் பெயரைத்தான் கொடுத்தார். அரசவையில் வீழ்ச்சியுற்ற அச்சீமாட்டி, பிணி தீர்க்கப் பூர்போன் லார்ஷாம்போவின் வெந்நீரை நாடிச் சென்று, 1707 மே மாதம் அவ்வூரிலேயே இறந்தாள். அவள் பிள்ளைகளின் பெயர் எங்கே பிறந்ததோ அங்கே அவள் கண் மூடினாள். அந்நாளில் அவ்வூர் நோயாளரின் தலமாகப் புகழ் பெற்றிருந்தது. குரலிழந்த கவிஞர் புவாலோவும் 1687 இல் அங்கு சென்று நீரருந்தியவரே.

மன்னர் தம் கையெழுத்தில் எழுதாத அப்பெயர் கடல் கடந்த தீவொன்றில் எழுதப்பட்டது. இந்து சமுத்திரத்தில் மொரிசியசுக்கு மேற்கேயுள்ள தீவுக்கு 1649 இல் பிரெஞ்சுக்காரர் பூர்போன் எனப் பெயரிட்டார்கள். பதினாலாம் லூயி கீழ்த்திசைக்கு அனுப்பிய தெ லா ஆயின் கப்பற்படை 1671 இல் அத்தீவிற் தங்கி, 1672 இல் திருகோணமலைக் குடாவில் நங்கூரமிட்டது. ஒல்லாந்தரை எதிர்த்துக் கண்டி மன்னர் இரண்டாம் இராசசிங்கனின் துணையை நாடி வந்த அம்முயற்சி வெற்றி பெறவில்லை. அத்தீவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் பல்லாயிரவர் ஏற்றிச் செல்லப்பட்டனர். தந்தையின் பெயரை முன்வைத்துத் தன் பெயரைச் சொல்லும் மரபினராகிய அவர்களுடைய தனிப்பெயர்கள் பிரெஞ்சுப் பதிவேட்டிற் குடும்பப் பெயர்களாக உறைந்து, இன்றும் அவர்களுடைய வழியினரால் தாங்கப்படுகின்றன.

இனித் தாம்பிள் கோபுரத்துக்குத் திரும்பலாம். 1792 செப்டெம்பர் 21 ஆந் திகதி முடியாட்சி ஒழிக்கப்பட்டது. மன்னர் குடிமகனானார். குடிமகன் எனின் அவனுக்கு ஒரு குடும்பப் பெயர் வேண்டும். மன்னருக்கோ அது இல்லை. புரட்சியாளர் பூர்போன் என்று வைத்திருக்கலாம். ஆனால் அது ஒரு பிரபுத்துவ நிலத்தின் பெயர், இளவரசர்களின் பெயர். அவர்கள் 987 இல் முடிசூடிய ஹியூ மன்னனிடம் சென்று, அவனுக்குப் பின்வந்தோர் சூட்டிய காப்பே என்னும் பட்டப்பெயரை எடுத்தார்கள். அது மேலங்கியைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது என்பது பலர் கருத்து. எண்ணூற்றைந்து ஆண்டுகளுக்கு முன் முடிசூடிய ஒருவனின் பட்டப்பெயர், அவன் வழித்தோன்றலுக்கு மீண்டும் அணிவிக்கப்பட்டது. இரத்த வழியை நோக்கின் பேரவையினர் சொன்னதிற் பிழையில்லை. வழக்கை நோக்கின் கைதி சொன்னதே சரி. காப்பே என்பது எக்காலத்தும் எவருடைய குடும்பப் பெயராகவும் இருந்ததில்லை. அவ்விருவர் கூற்றுள்ளும் அடக்கமான கூற்று கைதியினுடையது என்றே சொல்ல வேண்டும். தம் பெயர் இதுவென்று அவர் ஒன்றையும் உரிமை கோரவில்லை.

உரிமை கோராதது அவரைக் காக்கவுமில்லை. 1793 சனவரி 21 ஆந் திகதி அவர் தலை துண்டிக்கப்பட்டது. அவருடைய உறவினராகிய ஓர்லியன்சு கோமகன் பிலிப்பு, காலத்தோடு ஒத்துப்போக எண்ணித் தம் குலப்பெயரைத் துறந்து, சமத்துவம் என்னும் பொருள்தரும் எகலித்தே என்பதைப் பெயராக ஏற்று, மன்னரின் மரண தண்டனைக்கும் வாக்களித்தார். அவ்வாண்டு நவெம்பர் 6 ஆந் திகதி அவரும் அதே கொலைக்கருவியின்கீழ் மாண்டார். மன்னரின் இளைய மகன் 1795 யூன் 8 ஆந் திகதி தாம்பிளிலேயே பத்து வயதிற் பிணியால் இறந்தபோது, இறப்புப் பதிவில் அச்சிறுவனும் காப்பே என்றே எழுதப்பட்டான். இதற்கிடையில் 1794 ஓகஸ்ட் 23 ஆந் திகதி பேரவை ஒரு சட்டம் செய்திருந்தது. பிறப்புப் பதிவிலுள்ள பெயரையன்றி வேறொரு பெயரையும் எந்தக் குடிமகனும் தாங்கலாகாது என்பது அச்சட்டம். அச்சிறுவனின் பிறப்புப் பதிவைப் புரட்டிப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை.

நெப்போலியனுக்குப் பின் 1814 இல் மீண்டு வந்த பூர்போன்கள் 1830 இல் மீண்டும் அகன்றனர். அவர்களுக்குப் பதிலாக எகலித்தேயின் மகன் லூயி பிலிப்பு மன்னரானபோது, அவர் பூர்போன் என்பதனால் முடி பெற்றாரா, பூர்போனாக இருந்தும் முடி பெற்றாரா என்பதே பாரிசில் விவாதமாயிற்று. ஸ்பெயினில் 1700 இல் ஏறிய கிளை இடையிடையே வீழ்ந்தும் எழுந்தும், 2014 இல் அரியணையேறிய ஆறாம் பிலிப்பு மன்னர் வரை போர்போன் என்னும் ஸ்பானிய உருவில் அப்பெயரைக் கொண்டு வந்திருக்கிறது. லட்சம்பேர்க்கிலோ நேர்மாறான நிகழ்ச்சி. அந்நாட்டுப் பெருங்கோமகள் சார்லொத்தை 1919 இல் மணந்த பெலிக்சு, பார்மாக் கிளைப் பூர்போன். அவர்களுடைய மகன் 1964 இல் அரசுரிமை பெற்றபோது, ஆண்வழியாற் பூர்போனாயினும் தாயின் குலப்பெயராகிய நசாவையே தாங்கினார். 1272 இல் பெயாத்திரிசின் வீட்டில் நடந்தது மீண்டும் நடந்தது. இம்முறை மறைந்தது பூர்போன்.

புரட்சிக் காலத்தில் பெயரழிப்பு ஊர்களையும் விடவில்லை. தீவு 1793 இல் ரியூனியன் ஆயிற்று. இடையில் பழம்பெயர் மீண்டு, 1848 இல் ரியூனியன் என்பதே நிலைத்தது. பூர்போன் லார்ஷாம்போவுக்கும் புர்ஜ் லே பேன் என்று வேறொரு பெயர் இடப்பட்டது. மன்னரை ஒழித்தவர்களுக்கு அப்பெயர் மன்னருடையதாகவே தோன்றியது. பழைய நீர்த்தெய்வத்தை அவர்களுள் நினைத்தவர் இலர். கோட்டையிலிருந்த பேரழகு வாய்ந்த ஆலயம் இடிக்கப்பட்டது. வடக்குப் பக்கத்துக் கோபுரங்கள் மூன்று இன்றும் நிற்கின்றன. புதிய பெயர் நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஊர் மீண்டும் ஆர்ஷாம்போவின் பூர்போன் ஆயிற்று. மூட்டுவாதம் உடையோர் இன்றும் அவ்வூர்க் குளிப்பிடத்துக்குச் சென்று, போர்வோவின் வெந்நீரில் இறங்கி எழுகிறார்கள்.